நின்றுபோன பம்பரம் மீண்டும் சுழன்ற கதை



மே மாதத்தில் நிலவில்லாத ஓர் இரவைத் தேர்ந்துகொள்ளுங்கள். இஷாத் தொழுகை முடிந்து, அடுப்படி வேலையும் ஒழிந்து, மணி ஒன்பதைத் தாண்டியதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காத்தான்குடிக் கடற்கரைக்குப் போங்கள். பிரதான வீதியின் வெளிச்சம் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, இடது தோள் கடல் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். இப்போது நீங்கள் தெற்கே, தாழங்குடாப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள். வானத்தில் அவ்வளவு உயரமில்லாமல், நான்கு நட்சத்திரங்கள் வாலறுந்த பட்டம் ஒன்றைப் போல நிமிர்ந்து நிற்கும். அதுதான் தென்சிலுவை. அந்தப் பட்டத்தின் உச்சியில் இருப்பதிலிருந்து, நீட்டிய கையின் முஷ்டி அளவுக்குக் கொஞ்சம் குறைவாக மேலே போனால் இன்னொரு பிரகாசமான நட்சத்திரம் வரும். அது சென்டாரஸ் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு வலப்பக்கம், ஒரு பெருவிரல் அகலம் தள்ளிப் பாருங்கள்.

அங்கே கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் இந்த மாதம் நாம் பேசப்போவது அந்த இடத்தைப் பற்றித்தான்.

அந்த இருட்டுக்குள், பல ஆயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஓர் உருண்டை சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் விட்டம் ஏறக்குறைய காத்தான்குடியிலிருந்து ஏறாவூருக்கு உள்ள தூரம்தான். எடையோ நமது சூரியனை விடக் கூடியது. அது ஒரு செக்கனுக்கு 593 தடவை சுழல்கிறது. உங்கள் வீட்டுக் கூரையில் தொங்கும் மின்விசிறி முழு வேகத்தில் ஓடினாலும் செக்கனுக்கு ஐந்தாறு சுற்றுக்கு மேல் போகாது. இதுவோ நிமிடத்துக்கு முப்பத்தைந்தாயிரம் சுற்றைத் தாண்டுகிறது. அதன் நடுக்கோட்டில் ஒரு பொட்டு வைத்தால், அந்தப் பொட்டு ஒளியின் வேகத்தில் ஏழில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும்.

இதில் வியப்புக்குரியது வேகம் மட்டுமல்ல. அது கிழட்டு நட்சத்திரம். கிழடுகள் இப்படிச் சுழலக் கூடாது.

முதலில் அது என்ன பொருள் என்று பார்த்துவிடுவோம். மிகப் பெரிய நட்சத்திரம் ஒன்று தன் எரிபொருளை எல்லாம் தீர்த்துவிட்டால், அதன் நடுப்பகுதி தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் உள்ளுக்குள் இடிந்து விழுகிறது. எவ்வளவு பாரம் வரை தாங்கும் என்று கணக்குப் பார்த்தவர் நமது மொழிக்காரர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சந்திரசேகர் 1930ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே போட்ட கணக்கு அது. சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் போனால் தாங்காது என்பதே அதன் முடிவு. அந்த எல்லையைத் தாண்டி இடிந்து விழும்போது அணுக்களே நசுங்கி, நியூத்திரன் எனப்படும் துணிக்கைகள் நெருங்கி அடைந்த ஓர் உருண்டை மிஞ்சலாம். அதுவே நியூத்திரன் நட்சத்திரம். அதிலிருந்து ஒரு தேக்கரண்டி அள்ளினால் நூறு கோடி தொன்னுக்கு மேல் நிறுக்கும். கற்பனை செய்து பார்க்க முயலாதீர்கள், முடியாது.

பனிச் சறுக்கல் ஆடும் பெண்ணைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கையை விரித்துச் சுழல்கிறவள், கையை உடம்போடு ஒடுக்கியதும் கிறுகிறுவென்று வேகம் பிடிப்பாள். நட்சத்திரமும் அப்படித்தான். பிரமாண்டமாக இருந்தது இருபது கிலோமீற்றருக்குள் ஒடுங்கும்போது வேகம் பிடிக்கிறது. ஆகவே நியூத்திரன் நட்சத்திரம் பிறக்கும்போதே வேகமாகச் சுழலும். அதற்குப் பயங்கரமான காந்த சக்தியும் உண்டு. சுழலும்போது வானொலி அலைகளைக் கலங்கரை விளக்கைப் போல வீசும். நமது பக்கம் அந்தக் கீற்று திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு துடிப்புக் கேட்கும். அதனால்தான் துடிப்பு நட்சத்திரம், ஆங்கிலத்தில் பல்சார், என்று பெயர்.

இதை முதலில் கண்டது ஒரு பெண் பிள்ளை என்பதை நமது சகோதரிகள் அறிந்திருக்க வேண்டும். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல், மைதானத்தில் கம்பிகள் கட்டி எழுப்பிய வானொலித் தொலைநோக்கியிலிருந்து வந்த மீற்றர் கணக்கான காகித நாடாக்களைக் கண்ணாலே பார்த்துப் பார்த்துச் சரிபிடிப்பவர். அதில் ஒரு சிறு கிறுக்கல் மற்றவற்றைப் போல இல்லை என்று விடாமல் நின்றார். 1.3 செக்கனுக்கு ஒரு துடிப்பு, கடிகாரம் போல. 1974இல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அது அவருடைய பேராசிரியருக்குப் போனது, அவருக்கு இல்லை. அவர் அதைப் பற்றி வாய்விட்டுப் புலம்பவில்லை. 2018இல் முப்பது இலட்சம் டொலர் பெறுமதியான இன்னொரு பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணம் முழுவதையும் பௌதிகவியலில் குறைவாகவே இடம்பெறும் பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களின் புலமைப் பரிசில்களுக்கே கொடுத்துவிட்டார்.

சரி, விடயத்துக்கு வருவோம். பம்பரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் கடைசியில் தள்ளாடி விழத்தான் செய்யும். துடிப்பு நட்சத்திரத்தின் காந்தமே அதற்குத் தடையாகிறது. காந்தம் எவ்வளவு பலமோ அவ்வளவு சீக்கிரம் வேகம் குறையும். 1054ஆம் ஆண்டு சீனர்கள் வானில் வெடிக்கக் கண்ட நட்சத்திரத்தின் மிச்சம், நண்டு நெபுலாவுக்குள், இன்று செக்கனுக்கு ஏறத்தாழ முப்பது தடவை சுழல்கிறது. அதுவும் ஆண்டுக்காண்டு மெதுவாகிக்கொண்டே வருகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் போனால் சாதாரணத் துடிப்பு நட்சத்திரம் பல செக்கன்களுக்கு ஒரு தடவையாகத் தளர்ந்து, பிறகு பேச்சடங்கிப் போகும். ஆகவே விஞ்ஞானிகளிடம் ஒரு எளிய விதி இருந்தது. வேகமானது இளசு, மெதுவானது கிழடு.

1982இல் அந்த விதி உடைந்தது. போர்ட்டோ ரிக்கோவில் மலைக் குழி ஒன்றுக்குள் கட்டியிருந்த அரேசிபோத் தொலைநோக்கியில் (2020 டிசம்பரில் அது இடிந்து விழுந்துவிட்டது) டொன் பாக்கரும் அவருடைய மாணவரான ஸ்ரீநிவாஸ் குல்கர்னியும் மற்றவர்களும் செக்கனுக்கு 642 தடவை சுழலும் ஒன்றைக் கண்டனர். விதிப்படி பார்த்தால் அது நேற்றுப் பிறந்த குழந்தையாக இருக்க வேண்டும். அப்படியானால் அதைச் சுற்றி வெடித்த நட்சத்திரத்தின் புகையும் சிதறலும் எங்கே? ஒன்றும் இல்லை. சுத்தமான இடம். பிள்ளை பிறந்த வீட்டில் தொட்டிலும் இல்லை, துணியும் இல்லை என்றால் நாம் என்ன நினைப்போம்?

இந்தப் புதிருக்கு விடை சொன்னவர்களில் இருவர் பெங்களூரில் இருந்தனர். இராமன் ஆராய்ச்சி நிலையத்தின் வெ. இராதாகிருஷ்ணனும் ஜி. ஸ்ரீநிவாசனும். இராதாகிருஷ்ணன் சென்னைத் தொண்டையார்பேட்டையில் 1929இல் பிறந்தவர். நோபல் பரிசு பெற்ற சி.வி. இராமனின் மகன். பாய்மரப் படகுகளைத் தாமே கட்டுவதில் மோகம் கொண்ட மனிதர். அவுஸ்திரேலியாவில் வேலை செய்த காலத்தில், 1969இல், வேலா என்ற துடிப்பு நட்சத்திரம் திடீரென்று வேகம் கூடியதைக் கண்டவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவருக்கு நட்சத்திரங்கள் வேகம் கூடுவது என்பது புதிய செய்தியல்ல. 1982 முடிவதற்குள், இந்தியாவின் கரண்ட் சயன்ஸ் இதழில் இருவரும் எழுதினர். அது குழந்தை அல்ல, கிழடுதான். யாரோ அதை மறுபடி சுழற்றிவிட்டிருக்கிறார்கள் என்றனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் அல்பாரும் அவருடைய தோழர்களும் தனியாக இதே முடிவுக்கு வந்தனர்.

சுழற்றிவிட்டது யார்? அயல்வீட்டு நட்சத்திரம்.

வானத்தில் பல நட்சத்திரங்கள் நமது சூரியனைப் போலத் தனியாக வாழ்வதில்லை; இரண்டு இரண்டாக ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. இரண்டில் பெரியது முதலில் வெடித்து நியூத்திரன் நட்சத்திரமாகி, காலப்போக்கில் தளர்ந்து அடங்குகிறது. சிறியது சாவதானமாக வாழ்கிறது. அது வயதாகி ஊதத் தொடங்கும்போது, அல்லது இரண்டும் நெருங்கி வரும்போது, அதன் வெளிப்புற வாயு அடுத்த நட்சத்திரத்தின் ஈர்ப்புப் பிடிக்குள் வழிந்து விழுகிறது. பாற்பானையில் பொங்கிய பால் விளிம்பைத் தாண்டி ஒரு பக்கம் வழிவது போல.

வழிந்த வாயு நேராகப் போய் விழாது. அது சுற்றிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து வந்தது. ஆகவே சுற்றிக்கொண்டேதான் இறங்கும். கழுவுதொட்டியில் தண்ணீர் இறங்கும்போது சுழல்வதைப் பாருங்கள். அப்படி ஒரு தட்டாகப் பரந்து, உள்ளே போகப் போக வேகம் கூடி, வெப்பம் ஏறி, கடைசியில் பல இலட்சம் பாகையைத் தாண்டிக் கொதித்து எக்ஸ் கதிர்களை வீசுகிறது. நன்றாகப் பிரகாசிக்கும் ஒன்றில் செக்கனுக்கு ஆயிரம் கோடி தொன்னுக்குக் குறையாமல் இப்படி விழும்.

இப்போது உங்கள் காலால் மிதிக்கும் தையல் மெசினை எண்ணிக்கொள்ளுங்கள். சும்மா கிடக்கும் சக்கரம் ஒரு மிதியில் வேகம் பிடிக்காது. ஒவ்வொரு மிதியும் அது ஓடும் திசையிலேயே கொஞ்சம் தள்ளுகிறது. மிதி மிதி என்று மிதித்துக்கொண்டிருந்தால் சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடும். வந்து விழும் வாயு அந்த மிதி. சூரியனின் பத்தில் ஒரு பங்கு அளவு வாயு விழுந்தாலே போதும், நின்றுபோன நியூத்திரன் நட்சத்திரம் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான சுற்றுக்கு வந்துவிடும். ஆனால் அவ்வளவு மிதிக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.

இதில் காந்தத்தின் பங்கு முக்கியமானது. பெங்களூர்க்காரர்கள் கெட்டித்தனம் காட்டியதும் அங்கேதான். காந்தம் பலமாக இருந்தால் அது தட்டைத் தூரத்திலேயே நிறுத்திவிடும். தூரத்தில் தட்டு மெதுவாகத்தான் சுற்றும். ஆகவே நட்சத்திரத்தையும் அந்த மெதுவான வேகத்துக்கு மேல் தள்ள முடியாது. காந்தம் பலவீனமாக இருந்தால் தட்டு நட்சத்திரத்தின் வாசற்படி வரை வரும்; அங்கே அது பறக்கும் வேகத்தில் சுற்றும்; நட்சத்திரமும் அந்த வேகத்தைப் பிடிக்கும். ஆகவே 642 தடவை சுழல்கிற ஒன்றின் காந்தம் மற்றத் துடிப்பு நட்சத்திரங்களின் காந்தத்தை விட ஆயிரக்கணக்கான மடங்கு பலவீனமாக இருக்க வேண்டும். காந்தம் பலவீனம் என்றால் தடையும் பலவீனம். அதன் வேகம் மிக மிக மெதுவாகத்தான் குறைய வேண்டும். அளந்து பார்த்தனர். அப்படியே இருந்தது. ஒரு கோடி ஆண்டுகள் போனாலும் அதன் வேகம் நூற்றுக்கு இரண்டு பங்குதான் குறையும். கடிகாரம் என்றால் அதுவல்லவா கடிகாரம்!

கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் உடனே ஒன்று கேட்பார்கள். அயல்வீட்டுக்காரர் சுழற்றிவிட்டார் என்கிறீர்களே, அந்த அயல்வீட்டுக்காரர் எங்கே? நியாயமான கேள்வி. 1982இல் கண்ட நட்சத்திரம் தனியாகத்தான் இருக்கிறது. 1983இல் கண்ட இரண்டாவதற்குத் துணை இருந்தது, கொஞ்சம் நிம்மதி. 1988இல் அரேசிபோவில் கண்ட ஒன்று கதையின் இன்னொரு பக்கத்தைத் திறந்தது. அதற்கும் துணை உண்டு, ஆனால் வேகம் பெற்ற நட்சத்திரம் வீசும் கதிர்வீச்சில் அந்தத் துணை ஆவியாகிக்கொண்டிருந்தது. யாரிடம் வாங்கி எழும்பியதோ, அதையே எரிக்கிறது. இப்படி முழுவதையும் எரித்துத் தீர்த்துவிட்டுத் தனியாக நிற்பவையும் இருக்கலாம் என்று அப்போது புரிந்தது.

இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் கறுப்பு விதவை. இணைந்த பிறகு ஆணைத் தின்றுவிடும் ஒரு சிலந்தியின் பெயர். கொஞ்சம் பெரிய துணையுள்ளவற்றுக்கு அவுஸ்திரேலியச் சிலந்தி ஒன்றின் பெயரைச் சூட்டிச் செம்முதுகு என்கிறார்கள். உலகத்தில் நன்றி கெட்ட உயிர் எத்தனையோ இருக்க, இவர்களுக்குப் பெண் சிலந்திதான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. பெயர் வைத்த கூட்டத்தில் எத்தனை பேர் ஆண்கள் என்று நான் கணக்கெடுக்கப் போவதில்லை.

ஆனால் ஒரு குறை இருந்தது. மிதிப்பவர்களைத் தனியாகப் பார்த்திருந்தார்கள், ஓடும் சக்கரங்களைத் தனியாகப் பார்த்திருந்தார்கள். மிதிக்கும்போது ஓடுகிற ஒன்றைப் பார்க்கவில்லை. வாயு விழும்போது வரும் எக்ஸ் கதிர்கள் நமது காற்று மண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. செய்மதியில் ஏறித்தான் பார்க்க வேண்டும். 1998இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ரூடி வைனாண்ட்ஸும் மிக்கேல் வான் டெர் கிளிஸும் அமெரிக்கச் செய்மதி ஒன்றின் பதிவுகளில், தனுசுப் பக்கம் உள்ள ஒரு நட்சத்திரத்தைப் பிடித்தனர். வாயு அதில் விழுந்துகொண்டிருந்தது. அது செக்கனுக்கு 401 தடவை சுழன்றுகொண்டிருந்தது. பெங்களூரில் எழுதிப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின்.

அப்படியும் ஒரு படி பாக்கி. வாயு விழுவது நின்று, அதே நட்சத்திரம் வானொலித் துடிப்புக்கு மாறுவதை யாராவது பார்த்தார்களா? கோடிக்கணக்கான ஆண்டுக் கதையின் கடைசிப் பக்கத்தை எழுபது எண்பது ஆண்டு ஆயுள் உள்ள மனிதன் பார்ப்பதா என்று பலர் கைவிட்டிருந்தனர். 2009இல் ஆன் ஆர்ச்சிபால்ட் என்ற ஆராய்ச்சி மாணவியும் தோழர்களும் ஒன்றை அறிவித்தனர். 2001இல் அதைச் சுற்றி வாயுத் தட்டு இருந்தது பழைய பதிவுகளில் தெரிந்தது. 2007இல் அது வானொலியில் துடித்தது. 2013இல் இன்னொன்று, வாரக் கணக்கில் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறியது.

மூன்றாவதுதான் தென்சிலுவைக்கு மேலே நாம் பார்த்த இடம். அதன் பெயர் ஜே 1227-4853. தொலைபேசி இலக்கம் போல இருந்தாலும் அது வானத்தில் அதன் வீட்டு இலக்கம்தான். அதன் எக்ஸ் கதிர் ஒளி 2012ஆம் ஆண்டின் கடைசியில் மங்கியது, தட்டு மறைந்துவிட்டது. அப்படியானால் இப்போது அது துடிக்க வேண்டும். பூனேக்கு வடக்கே கோடாட் என்ற கிராமத்தில் உள்ள இந்தியாவின் பெரிய வானொலித் தொலைநோக்கியைக் கொண்டு ஜயந்த ராய், பாஸ்வதி பட்டாச்சார்யா முதலியோர் தேடினர். துடித்தது. செக்கனுக்கு 593. துணை நட்சத்திரம் ஏழு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் அதைச் சுற்றி வருகிறது. அந்தச் சுற்றில் கணிசமான பகுதி நேரம் துணையின் வாயு துடிப்பை மறைத்துவிடும். திரைக்குப் பின்னால் நின்று பேசுபவரின் குரலைப் பிடிப்பது போன்ற வேலை. 2015இல் அந்த முடிவு வெளியாயிற்று.

அந்தத் தொலைநோக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. கோவிந்த் ஸ்வரூப் என்பவர் திட்டமிட்டுக் கட்டியது. ஒவ்வொன்றும் 45 மீற்றர் அகலமான முப்பது தட்டங்கள், இருபத்தைந்து கிலோமீற்றர் பரப்பில் நிற்கின்றன. தட்டங்கள் தகடு அல்ல, மெல்லிய கம்பி வலை. காற்று ஊடாகப் போய்விடும், வானொலி அலை மாத்திரம் சிக்கும். நமது வாவியில் வலை வீசுபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்த மீனுக்கு எந்தக் கண்ணுள்ள வலை என்பது அவர்கள் அறிந்த விடயம். குறைந்த செலவில் பெரிதாகக் கட்ட இந்த வழி உதவியது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது யாரும் எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. மாற்றம் ஒரே தடவையில் முடிவதில்லை. ஆர்ச்சிபால்ட் கண்ட நட்சத்திரத்தில் 2013 ஜூன் மாதத்தில் தட்டு திரும்பி வந்துவிட்டது. வானொலித் துடிப்பு அடங்கிவிட்டது. மிதிப்பது, நிறுத்துவது, மறுபடி மிதிப்பது. பாடப்புத்தகத்தில் ஒரே கோடாகப் போட்டிருந்த படம் இப்போது முன்னும் பின்னும் ஆடும் ஊஞ்சல் போலாயிற்று. இராதாகிருஷ்ணன் 2011இல் காலமாகிவிட்டார். தமது கருத்து கண்முன்னே நடப்பதில் பாதியைத்தான் அவர் கேள்விப்பட்டார்.

இந்தக் கிழட்டுப் பம்பரங்களுக்கு இப்போது பெரிய வேலை கிடைத்திருக்கிறது. அவற்றின் துடிப்பு அவ்வளவு நேரம் தவறாதது என்பதால், பல துடிப்பு நட்சத்திரங்களை ஆண்டுக் கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தால், வெளியே நலுங்கும்போது எல்லாவற்றிலும் வரும் மிகச் சிறிய முந்தல் பிந்தலைப் பிடிக்கலாம். பிரமாண்டமான கருந்துளைச் சோடிகள் எழுப்பும் ஈர்ப்பலைகளின் அடையாளம் இப்படித் தெரிவதாக 2023 ஜூன் மாதத்தில் உலகின் பல குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து அதில் பங்கு கொண்ட இந்தியக் குழு அந்தக் கம்பி வலைத் தட்டங்களைத்தான் பயன்படுத்தியது.

ஒரு புதிர் மட்டும் தீரவில்லை. கணக்கின்படி நியூத்திரன் நட்சத்திரம் செக்கனுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுழன்றாலும் சிதறிவிடாது. மிதிப்பதற்கு வாயுவும் உண்டு, காலமும் உண்டு. ஆனால் டெர்ஸான் 5 என்ற நட்சத்திரக் கூட்டத்தில் ஜேசன் ஹெஸல்ஸ் கண்டு, 2006இல் அறிவித்த ஒன்றின் செக்கனுக்கு 716 தடவைதான் வானொலித் துடிப்பில் இதுவரை உறுதியாகக் கண்ட உச்ச வேகம். அதற்கு மேல் போகாமல் ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. உருண்டையில் உள்ள ஒரு சிறு மேடு ஈர்ப்பலைகளாகச் சக்தியை வெளியே தள்ளிவிடுகிறது என்கிறார்கள் சிலர். இல்லை, காந்தம்தான் தட்டைத் தடுத்து நிறுத்துகிறது என்கிறார்கள் வேறு சிலர். உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்திருக்கும் மகள் வீட்டில் இருந்தால், தேநீர் வேளையில் இதை அவளிடம் கேட்டுப் பாருங்கள்.